நள்ளிரவுச் சூரியனும் புழுக்காலமும்

நூர்காப் மேட்டில் சூரியன் மிகத் தாழ்ந்து நிற்பது இரவு பன்னிரண்டு இருபது அளவில். கோடைக்காலத்தில் நோர்வேயில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். அந்த இடமும் ஏறத்தாழ 26 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கணக்கு வரும். மேற்கே இருக்கிற பூடோ நகரத்தில் இதே நேரம் ஒரு மணியையும் தாண்டிவிடும். ஆனால் பேருந்தில் வருகிறவர்கள் பதினொன்றரைக்கு இறங்குவார்கள். பன்னிரண்டு ஆனதும் விளிம்பில் நிற்கிற இரும்பு உருண்டைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு, கையிலுள்ள கிண்ணத்தை உயர்த்திக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் வண்டி ஏறிவிடுவார்கள். சூரியன் உண்மையிலேயே அடிக்கு வருகிற நேரத்தில் மேட்டில் பாதிக் கூட்டம்கூட இராது.

ஒரு விவரணப் படத்துக்காக ஒரு கோடை முழுவதும் கமராவோடு அந்தப் பக்கத்தில் இருந்தேன். எடுக்கச் சொன்னது சூரியனைத்தான். ஆனால் அங்கே நின்ற காலத்தில், சூரியனைவிட அதைப் பார்க்க வந்தவர்களின் கதையும், பார்க்க நேரமில்லாமல் அதன் கீழ் வேலை செய்தவர்களின் கதையும் என்னைப் பிடித்துக்கொண்டன. முதற்கதையை நூர்காப் மண்டபத்திலேயே காட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டாவதைத் தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும்.

நூர்காப் என்பது மாகெரோயா தீவின் வடக்கு விளிம்பில் கடலிலிருந்து 307 மீற்றர் செங்குத்தாக எழும் பாறை. அகலாங்கு 71 பாகை 10 கலை. ஐரோப்பாவின் வடமுனை என்று எல்லாரும் சொன்னாலும் அது வடமுனை அல்ல. பக்கத்திலேயே க்னிவ்ஷெல்லோடன் என்ற தாழ்ந்த நாக்குப் போன்ற நிலம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் கூடுதலாக வடக்கே நீண்டு கிடக்கிறது. மேட்டில் நின்றாலே அது தெரியும். ஆனால் கடலிலிருந்து வருகிறவன் கண்ணுக்கு முதலில் தெரிவது இந்தப் பெரிய பாறைதான். 1553இல் சீனாவுக்கு வடகிழக்கு வழி தேடிப் புறப்பட்ட ஆங்கிலக் கப்பல்களில் ஒன்றின் தலைவர் ரிச்சர்ட் சான்சலர்தான் இதற்கு வடமுனை என்று பெயர் வைத்தவர். அவர் வெண்கடல் வரை போய், அங்கிருந்து மொஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பயணத்தின் தலைவரான வில்லபியும் அவரோடு இருந்தவர்களும் கோலா கரையில் குளிர்காலத்தில் சிக்கி இறந்துபோனார்கள்.

மறையாத சூரியனைப் பற்றிய பேச்சு அதைவிட மிகப் பழையது. ஆறாம் நூற்றாண்டில் புரொகோப்பியஸ் என்ற பைசாந்திய வரலாற்றாசிரியர் தூலே என்ற வடநிலத்தைப் பற்றி எழுதும்போது, அங்கே கோடையில் 40 நாட்கள் சூரியன் மறையாது, குளிர்காலத்தில் 40 நாட்கள் உதிக்காது என்று பதிந்து வைத்தார். தான் நேரே போய்ப் பார்க்க விரும்பியும் முடியவில்லை என்றும், அங்கிருந்து வந்தவர்களிடம் கேட்டு எழுதுவதாகவும் சொல்கிறார். கேட்டு எழுதியவர் அவ்வளவு நேர்மையாக அதைச் சொல்லியிருப்பது எனக்குப் பிடிக்கும்.

பார்ப்பதற்கென்றே போன அரசர்களில் முந்தியவர் ஸ்வீடனின் 11ஆம் கார்ல். 1694 ஜூனில் பொத்னியா வளைகுடாவின் தலைமாட்டிலுள்ள தோர்னியோவுக்குப் போய், தேவாலய மணிக்கூண்டில் ஏறி நள்ளிரவில் சூரியனைப் பார்த்தார். தோர்னியோ துருவ வட்டத்துக்குத் தெற்கே இருக்கிற ஊர். வெறும் வடிவகணிதப்படி அங்கே சூரியன் மறைந்தாக வேண்டும். அடுத்த ஆண்டே மன்னர் பில்பெர்க், ஸ்போலே என்ற இரண்டு பேராசிரியர்களை அளந்து பார்க்க அனுப்பினார். விடை காற்றில் இருந்தது. அடிவானத்தை ஒட்டி வரும் ஒளியைக் காற்று வளைக்கிறது. அதனால் சூரியன் இருக்கும் இடத்தைவிட அரைப் பாகைக்கு மேல் உயர்ந்து தெரிகிறது. அதாவது அடிவானத்தில் நிற்கும் முழுச் சூரியனையும் நாம் பார்க்கும்போது, அது உண்மையில் ஏற்கெனவே கீழே போய்விட்டது. ஒரு மன்னரின் ஆவல் நல்ல கேள்வியாக மாறிய இந்தக் கதையை, பின்னால் வந்த அரசர் பயணங்கள் எல்லாவற்றையும்விட நான் மதிக்கிறேன்.

நூர்காப்புக்கு வெறும் ஆவலினால் வந்த முதல் ஆள் என்று பிரான்செஸ்கோ நெகிரியைச் சொல்வார்கள். இத்தாலியின் ரவென்னா நகரத்துப் பாதிரியார். 1660களில் தனியாகவே வந்து சேர்ந்தார். 1795இல் பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி ஓடிய லூயி பிலிப் வேறு பெயரில் வந்து போனார். பின்னால் அவரே பிரான்சின் மன்னரானார். 1799இல் அச்செர்பி என்ற இத்தாலியரும் ஷோல்டெப்ரான்ட் என்ற ஸ்வீடன் படை அதிகாரியும் பின்லாந்து வழியாக வந்தார்கள். ஒருவர் எழுதினார், மற்றவர் வரைந்தார். இருவரின் நூல்களும் வெளிவந்த பிறகு ஐரோப்பாவின் வசதியுள்ளவர்களுக்கு இந்தப் பாறை ஒரு கனவிடமாயிற்று.

அதற்குப் பிறகு கதை வேகமாக ஓடுகிறது. 1873இல் மன்னர் இரண்டாம் ஒஸ்கார் ஏறினார். 1875இல் தோமஸ் குக் நிறுவனம் சுற்றுலாக் குழுவைக் கொண்டுவந்தது. 1881இல் போல் து ஷாயு என்ற பயணி நள்ளிரவுச் சூரியனின் நாடு என்றே தலைப்பிட்டு இரண்டு தொகுதி நூல் எழுதினார். ஆபிரிக்காவின் கொரில்லாக்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றிருந்தவர் அவர். நோர்வேக்கு அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டதில் அந்த நூலுக்குப் பெரும் பங்குண்டு. 1891இல் ஜெர்மன் சக்கரவர்த்தி வில்ஹெல்ம், 1907இல் சியாம் மன்னர் சூலலங்கோன். சியாம் மன்னர் தன் முதலெழுத்துகளைப் பாறையில் பொறித்துவிட்டுப் போனார். இன்றும் தாய்லாந்திலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்க்கத் தனியாக வருகிறார்கள்.

அன்றைக்கு வீதி இல்லை. கப்பல் ஹோர்ன்விக்கா என்ற சிறு குடாவில் நிற்கும். படகில் கரைக்கு வந்து, அங்கிருந்து பாறைச் சரிவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முந்நூறு மீற்றர் ஏற வேண்டும். நீண்ட பாவாடையும் தோற்சப்பாத்தும் அணிந்த பெண்கள் அப்படி ஏறுகிற படங்கள் இருக்கின்றன. மேலே வந்து சேர்ந்ததும் சாம்பேன் போத்தல் உடைப்பார்கள். 1890களில் அதை விற்பதற்கென்றே மேட்டில் ஒரு மண்டபமும் இருந்தது. கப்பல் காத்திருக்கும், கீழே இறங்க வேண்டும், நேரம் குறைவு. பன்னிரண்டு மணி என்ற ஒரு கணத்துக்கு ஒரு பருவம் முழுவதையும் சுருக்கிய பழக்கம் அந்தக் கப்பல் அட்டவணையில்தான் பிறந்தது என்பது என் எண்ணம். வீதியும் பேருந்தும் வந்த பிறகும் அது மாறவில்லை.

படம் பிடித்தவர்களும் அதே கப்பல்களில் வந்தார்கள். பெர்கன் நகரத்து க்னூட் க்னூட்சன் 1860களிலிருந்து நோர்வேயின் கரையோரத்தைப் படமெடுத்து விற்றவர். அந்தக் காலத்து ஈரத்தட்டு முறையில் கண்ணாடியில் கொலோடியனைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமும் எடுத்து அங்கேயே கழுவவும் வேண்டும். தோய்ப்பதற்கும் கழுவுவதற்கும் இருட்டு வேண்டும். இரவே இல்லாத நாட்டில் இருட்டையும் கூடாரமாகக் கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தத் தட்டு நீல ஒளியைத்தான் உணரும், சிவப்பை உணராது. நள்ளிரவுச் சூரியனின் ஒளியோ காற்றில் நீளப் பயணித்து நீலத்தை இழந்து வருகிற ஒளி. கண்ணுக்குப் பொன்னாகத் தெரிவது தட்டில் இருளாகவே விழும்.

பிறகு அந்தப் பொன்னிறம் எங்கிருந்து வந்தது? 1890களில் சூரிச் நகரத்தில் போட்டோகுளோப் என்ற நிறுவனம் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கல்லச்சில் பல நிறங்களில் அச்சிட்டு உலகமெங்கும் விற்றது. நூர்காப்பும் அவற்றில் ஒன்று. நிறங்களைத் தேர்ந்தவர்கள் அச்சுக்கூடத்தில் இருந்தவர்கள். வானத்தில் செம்மஞ்சளும் கடலில் ஊதாவுமாக அந்த அட்டைகளில் பதிந்த நிறம்தான் இன்றும் நம் தலைக்குள் இருக்கிறது. நான் எடுத்ததைத் திருத்தும் மேசையில் நிறம் பார்த்தவரும், இன்னும் கொஞ்சம் சிவப்பைக் கூட்டலாமே என்று கேட்டார். கூட்டவில்லை. தெளிந்த இரவில் நான் பார்த்த ஒளி வெளிறிய வெண்கல நிறம். முகத்தில் விழும்போதுதான் அது சூடாகத் தெரியும்.

ஒரே சட்டகத்தில் சூரியன் பலமுறை பதிந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாகச் சூரியன்கள், நடுவில் தாழ்ந்து இரண்டு பக்கமும் ஏறும். அதை எடுக்கும் விதத்தைச் சொல்கிறேன். கமராவை நேர் வடக்கே திருப்பி அசையாமல் கட்ட வேண்டும். மேட்டின் காற்றுக்கு முக்காலியின் நடுவில் கல்மூட்டை தொங்கவிட வேண்டும். 70 மில்லிமீற்றர் வில்லை போட்டால் பதினொன்று இருபதிலிருந்து ஒன்று இருபது வரையான ஓட்டம் சட்டகத்துக்குள் அடங்கும். 200 போட்டால் முக்கால் மணித்தியாலத்தில் சூரியன் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்தால் ஒவ்வொரு சூரியனுக்கும் இடையில் போதிய இடைவெளி கிடைக்கும். ஜூன் 21ஐ ஒட்டிய இரவுகளில் நூர்காப்பில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 4.6 பாகை உயரத்துக்குக் கீழே இறங்காது. அடியைத் தொடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பும் பின்பும் அதன் உயரம் 5.2 பாகை. அதாவது இரண்டு மணித்தியாலத்தில் அது இறங்கி ஏறுகிற அளவு, அதன் சொந்த அகலத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. அட்டைகளில் ஆழக் கிண்ணம்போல் தெரிகிற அந்த வளைவு, நேரில் கிட்டத்தட்ட நேர்கோடு. இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், இறங்காது. ஏறத் தொடங்கியதும் தெரியாது. அந்த மெதுவைக் காட்டுவதுதான் என் வேலை என்று அங்கே நின்றபோது முடிவு செய்தேன். பல இரவுகள் கடலிலிருந்து புகார் ஏறி மேட்டை மூடிவிடும். கீழே கிராமத்தில் வெயில், மேலே எதுவும் தெரியாது. அப்போதெல்லாம் கீழே இறங்கி, தீவின் மீன்பிடி ஊரான ஹொன்னிங்ஸ்வோக்கில், ஒருகாலத்தில் அங்கே வேலை செய்த என் சித்தப்பாவின் பழைய நண்பர்களைத் தேடிப் போவேன்.

நம்மவர்களுக்கும் இந்த வடக்குக்கும் உள்ள தொடர்பை இங்கே சொல்லத்தான் வேண்டும். 1956இல் யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து அந்தோனி ராஜேந்திரம் நோர்வேக்குப் போனார். அவருடைய முயற்சியில் 1967இல் சீநோர் என்ற மீன்பிடி நிறுவனம் தொடங்கியது. அதன் படகும் வலையும் யாழ்ப்பாணக் கரையோரத்தில் எல்லாருக்கும் தெரியும். எண்பதுகளில் இலங்கையில் போர் முற்றியபோது அந்தப் பாதை பெரிதாயிற்று. நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் மீன் ஆலைகளுக்கு ஆள் இல்லை. உள்ளூர் இளைஞர் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். வந்த தமிழர் கத்தி பிடித்தார்கள். கொட் மீனின் தோலை உரித்து, முள்ளை நீக்கி, துண்டு போடுகிற பட்டறையில் வரிசையாக நின்றார்கள். என் சித்தப்பாவும் நின்றார். முதற்கோடையைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

"சூரியனைப் பார்க்க ஆருக்குத் தம்பி நேரம்? நித்திரை வராது, அதுதான் எங்கட பிரச்சினை. யன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டிப்போட்டுப் படுப்பம். விடியப்புறம் எண்டு எழும்பினா இரவு ரெண்டு மணியா இருக்கும்."

முப்பத்து நான்கு கிலோமீற்றர் தள்ளியிருக்கிற நூர்காப்புக்கு அவர் பல ஆண்டுகள் போகவே இல்லை. வேலை முடிந்த இரவுகளில் ஆலைக்குப் பின்னாலுள்ள வெளியில் பதினொரு மணிக்குப் பந்தடித்ததைத்தான் நள்ளிரவுச் சூரியன் என்று நினைவு வைத்திருக்கிறார்.

மீன் பிடிப்பவனுக்கு இந்தச் சூரியன் எப்படிப்பட்டது என்று அவர்தான் எனக்கு முதலில் சொன்னார். பின்னர் அதன் வரலாற்றைத் தேடினேன். நம் ஊரில் கருவாடு உப்பும் வெயிலும் சேர்ந்து உண்டாவது. இங்கே உப்பு இல்லை. தலை நீக்கிய கொட் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரச்சட்டத்தில் பெப்ரவரியிலிருந்து மே வரை தொங்கவிடுகிறார்கள். உறைநிலையை ஒட்டிய குளிரும் காற்றும்தான் உலர்த்துகின்றன. வெயில் சூடேறும் ஜூனில் சட்டங்களிலிருந்து மீனை இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு தொங்கவிட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். ஆக, உலகம் வியந்து பார்க்க வந்த அந்த ஒளிமிக்க மாதங்கள், கரையோரத்தானுக்கு, தான் பிடித்த மீனை உலர்த்த முடியாத புழுக்காலம்.

அந்தக் காலத்தில் அவனைக் காப்பாற்றியவர்கள் ரஷ்யர்கள். 18ஆம் நூற்றாண்டிலிருந்து ஒவ்வொரு கோடையும் வெண்கடல் கரையிலிருந்து பொமோர் வணிகர்கள் பாய்க்கப்பல்களில் வந்தார்கள். கோதுமைக்கு இனமான ரை தானியத்தின் மாவையும் மரத்தையும் கொடுத்து, உலர்த்த முடியாத கோடை மீனை வாங்கித் தங்கள் கப்பலிலேயே உப்பிட்டுக்கொண்டு போனார்கள். தானியம் விளையாத பின்மார்க்கில் ரொட்டி இருந்ததே அந்த மாவினால்தான். நெப்போலியன் காலத்துப் போரில் ஆங்கிலேயர் கடலை மறித்தபோது இந்த வழி அடைபட, மக்கள் பட்டினி கிடந்தார்கள். இரண்டு தரப்பும் பேசிக்கொள்ள ரஷ்யச் சொல்லும் நோர்வேச் சொல்லும் கலந்த ஒரு வணிக மொழியே உருவாயிற்று. 1917 புரட்சியோடு கப்பல்கள் நின்றன. சாம்பேன் மண்டபம் இருந்த அதே ஆண்டுகளில், அதே சூரியனின் கீழ், பக்கத்துத் துறைகளில் மாவும் மீனும் கைமாறிக்கொண்டிருந்தன. சுற்றுலா நூல்கள் முன்னதைச் சொல்கின்றன. பின்னதைப் பற்றி அவற்றில் ஒரு வரி கிடைப்பதே அரிது. இது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

கோடை சாமி மக்களுக்கும் வேலைக்காலம். உள்நாட்டிலிருந்து கலைமான் மந்தைகளை மாகெரோயாவுக்குக் கொண்டுவந்து மேயவிடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் மந்தை நீரிணையை நீந்திக் கடந்து திரும்புகிறது. பேருந்துக்குக் குறுக்கே நிற்கும் கலைமானைப் படமெடுப்பவர்கள் எல்லாரும், அது ஒரு குடும்பத்தின் சொத்து என்று அறிந்து எடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1944 இலையுதிர் காலத்தில் இந்த நிலம் முழுவதும் எரிந்தது. பின்வாங்கிய ஜெர்மன் படை, பின்தொடரும் ரஷ்யப் படைக்கு ஒரு கூரைகூடக் கிடைக்கக்கூடாதென்று பின்மார்க்கைக் கொளுத்தியது. ஏறக்குறைய 50,000 பேர் வலுக்கட்டாயமாகத் தெற்கே அனுப்பப்பட்டார்கள். மறுத்தவர்கள் குகைகளிலும் படகுகளுக்கு அடியிலும் குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஹொன்னிங்ஸ்வோக்கில் மிஞ்சிய கட்டடம் 1885இல் கட்டிய வெள்ளைத் தேவாலயம் ஒன்றுதான். திரும்பி வந்தவர்கள் முதலில் அதற்குள்தான் தங்கினார்கள். இன்று அந்த ஊரில் பழைய வீடு ஒன்றும் ஏன் இல்லை என்று கேட்கும் பயணிக்கு இதுவே விடை. 1956இல் நூர்காப்புக்கு வீதி வந்தது. 1999இல் கடலுக்கு 212 மீற்றர் அடியில் போகும் சுரங்கப் பாதை தீவை நிலத்தோடு இணைத்தது. பேருந்துகள் பெருகின.

சூரியனை அதன் சொந்த நீளத்தில் காட்டியவர்கள் கடைசியில் நோர்வேயின் பொதுத் தொலைக்காட்சிக்காரர்தான். ஹூர்திக்ரூத்தன் 1893 முதல் இந்தக் கரையோரம் ஓடும் கப்பல் சேவை. 2011 ஜூன் 16 அன்று அதன் நூர்நோர்கெ கப்பல் பெர்கனிலிருந்து புறப்பட்டதும் நேரலை தொடங்கியது. கிர்கெனெஸ் போய்ச் சேரும்வரை 134 மணித்தியாலம் நிறுத்தவே இல்லை. பதினொரு கமராக்கள். வடக்கே போகப் போக இரவு இல்லாமல் போனது; கமரா அதையும் வெட்டாமல் காட்டியது. கிராமத்தவர் அதிகாலை மூன்று மணிக்கும் கொடியோடு கரையில் நின்றார்கள். அப்போது 50 இலட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு நேரம் பார்த்தார்கள். என் தொழிலில் இருப்பவர்கள் பலர் அதைச் சலிப்பென்று தள்ளினார்கள். நான் அதிலிருந்துதான் கற்றேன். கப்பல் ஒரு துறையில் நிற்கிறது. ஒருவர் மீன்பெட்டி இறக்குகிறார், ஒரு பிள்ளை சைக்கிளில் போகிறது, சூரியன் அப்படியே நிற்கிறது. நள்ளிரவுச் சூரியன் பற்றிய இத்தனை படங்களில் அதன் கீழ் வாழ்பவர்கள் வேலையோடு தெரிந்தது அதில்தான்.

கோடையில் ஒஸ்லோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் நம்மவர்கள் பலர் வாகனத்தில் நூர்காப் போகிறார்கள். போகிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள். பன்னிரண்டு மணிக்குத் திரும்பாதீர்கள். ஒன்றரை வரை நில்லுங்கள், முடிந்தால் பக்கத்து மீன்பிடிக் கிராமம் ஒன்றில் சில நாள் தங்குங்கள். அடுத்தது இதைவிட முக்கியம். பின்மார்க் ஆலைகளில் கத்தி பிடித்த எங்கள் மூத்தவர்கள் பெரும்பாலும் தெற்கே வந்துவிட்டார்கள், வயதும் போய்விட்டது. அவர்களிடம் அந்தக் காலத்துப் படங்களும் சம்பளத் துண்டுகளும் கடிதங்களும் இருக்கின்றன. பின்மார்க் நகரங்களின் அருங்காட்சியகங்களிலும் நம் நூலகங்களிலும் அவை சேர வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த விடுமுறையிலேயே அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்யத் தொடங்குங்கள்.